ஒரே சிப்பில் மூன்று அகலம்: தமனி நோயின் முதல் கட்டத்தை ஆய்வகத்தில் வரவழைத்த கதை

ரத்தக் குழாயின் உள்சுவர்ச் செல்களை நுண்ணிய சேனலுக்குள் வளர்த்து, ஓட்டத்தைக் காட்டும் சிலிக்கோன் சிப் ஒருவழியாக வேலை செய்கிறது. குறுகலான பகுதியில் மோனோசைட் வெள்ளணுக்கள் அங்கொன்று இங்கொன்றாக நிற்கின்றன, அகலமான பகுதியில் அப்பிக்கொண்டு கிடக்கின்றன. வேறு நாளில், வேறு பாசேஜ் (தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்த்த தலைமுறை) செல்களை வைத்து ஓட்டினாலும் அதே படம்தான் வருகிறது. தூசியில்லாத கிளீன் ரூம் கிடையாது, விலை உயர்ந்த பம்பும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எதைச் செய்ய நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தமனியில் கொழுப்புப் படிவு எல்லா இடத்திலும் சமமாக வருவதில்லை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடம், இதயத் தமனியின் வளைவு என்று ரத்த ஓட்டம் தடுமாறும் இடங்களைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் ரத்தம் உள்சுவர்ச் செல்களைத் தேய்த்து இழுக்கும் விசையைத்தான் ஷியர் என்கிறோம். நேரான, நோயில்லாத தமனியில் அது ஏறக்குறைய 1 முதல் 7 பாஸ்கல் வரை இருக்கும். படிவு வரும் இடங்களில் 0.4 பாஸ்கலுக்குக் கீழே இறங்கிவிடும். பெட்ரி தட்டில் ஓட்டமே இல்லை. சாதாரண எலிக்கு மரபணுவில் கை வைக்காமல் இந்த நோய் சுலபத்தில் வராது. அதனால் சிப்.

என் முதல் வரைபடம் எல்லோரும் போடுவதுதான். 1 மில்லிமீட்டர் அகலச் சேனல், நடுவில் 0.3 மில்லிமீட்டராக இடுங்கும் ஒரு கழுத்து. கழுத்தைத் தாண்டியதும் சுழல் உருவாகும், அந்தச் சுழலில் நோய் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒளிரும் நுண்மணிகளை ஓடவிட்டு, கேமராவின் எக்ஸ்போஷரை நீட்டிப் படம் எடுத்தால் எல்லாக் கோடுகளும் ஒழுங்காகக் குவிந்து ஒழுங்காக விரிகின்றன. சுழல் எங்கேயும் காணோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. ஓட்டம் ஒழுங்காகப் போகுமா, சுழலுமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் இந்த அளவுச் சேனலில் ஏறக்குறைய 20, கழுத்தில் 50-ஐ நெருங்கும், அவ்வளவுதான். பெரிய தமனிகளில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும். தமனியைச் சுருக்கிவிட்டு ஷியரையும் ரெனால்ட்ஸ் எண்ணையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது, ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். செல் உணர்வது ஷியரை என்பதால் சுழலைக் கைவிட்டேன்.

இரண்டாவது வரைபடம் இன்னும் எளிமை. கழுத்து வேண்டாம். ஒரே உயரத்தில் ஒரே சேனல். முதல் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் அகலம், அடுத்த 10-க்கு 2, கடைசி 10-க்கு 4. நடுவில் மெதுவாக விரியும் சரிவுகள். ஆறு அகலமான இடத்தில் மெதுவாக ஓடுவதுபோலத்தான். உயரம் மாறாதவரை அகலம் இரட்டித்தால் ஷியர் பாதியாகும். ஆக, ஒரே பம்ப், ஒரே மீடியா (செல் வளர்க்கும் திரவம்), ஒரே மருந்தளவில் 1, 0.5, 0.25 பாஸ்கல் மூன்றும் கிடைத்துவிடும். மூன்று சிப் வைத்து ஒப்பிட்டால் "செல் வேறு, நாள் வேறு" என்று வரும் சந்தேகமும் இதில் இல்லை.

சிப்பை வார்க்கும் அச்சுக்கு முதலில் ரெசின் 3டி பிரிண்டரைத்தான் நம்பினேன். விலை குறைவு, அன்றைக்கே கையில் கிடைக்கும். ஆனால் சில்கார்டு 184 சிலிக்கோனை ஊற்றிச் சூடாக்கி எடுத்தால், அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கிறது. ரெசினில் மிச்சமிருக்கும் வேதிப்பொருள்கள் சிலிக்கோனை இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து, 80 டிகிரியில் ராத்திரி முழுக்கச் சுட்டால் ஓரளவு சரியாகிறது. ஓரளவுதான். இதே பிளாட்டினத்துக்கு கந்தகமும் ஆகாது, லேடெக்ஸ் கையுறையில் கந்தகம் உண்டு. அச்சு நன்றாக இருந்தும் ஒரு முறை சிலிக்கோன் பிசுபிசுத்து நின்றதற்கு அதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. நைட்ரைல் கையுறைக்கு மாறியதும் அந்தத் தொல்லை நின்றது.

கடைசியில் சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி (கணினி வழி கடையும் இயந்திரம்) வைத்திருக்கும் ஒரு பட்டறையில் அலுமினியத்தில் அச்சு கடைந்து வாங்கினேன், 2,800 ரூபாய். வரைபடத்தைப் பார்த்த பட்டறைக்காரர், "0.2 மில்லி உயரம்னா பத்து மைக்ரான் முன்னப்பின்ன இருக்கும் தம்பி, பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் ஷியர் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200 மைக்ரானில் பத்து குறைந்தால் உயரத்தில் 5 சதவீதம், ஷியரில் 11 சதவீதம் வித்தியாசம். அதனால் அச்சு வந்ததும் ஒரு சிலிக்கோன் வார்ப்பை பிளேடால் குறுக்கே சீவி, அந்தச் சீவலை நிமிர்த்தி மைக்ராஸ்கோப்பில் அளந்தேன். 190 மைக்ரான். இனி எல்லாக் கணக்கும் அந்த 190-ஐ வைத்துத்தான். யார் செய்தாலும் இந்தச் சீவலை மட்டும் விட்டுவிட வேண்டாம். வரைபடத்தில் இருக்கும் எண் சேனலில் இருக்காது.

வார்ப்பது பழகிய வேலை. அடிப்பொருள் 10 பங்கு, இறுக்கி 1 பங்கு, எடை போட்டுக் கலக்க வேண்டும். வெற்றிடக் குடுவையில் குமிழி அடங்கும்வரை அரை மணி நேரம். பிறகு 65 டிகிரியில் 4 மணி நேரம். தடிமன் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஊற்றினால்தான் ட்யூப் செருகும்போது பிடித்துக்கொள்ளும். துளைக்கு 1.5 மில்லிமீட்டர் பயாப்சி பஞ்ச். வெளிவிட்டம் 1.6 மில்லிமீட்டர் உள்ள ட்யூபை அதில் திணித்தால் பசை இல்லாமலே கசியாமல் நிற்கும். மொட்டையான பஞ்ச் துளைக்குள் சிலிக்கோன் தூளை விட்டுவைக்கும், அந்தத் தூள் சேனலில் போய் அடைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து துளைக்கு ஒரு புது பஞ்ச் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியோடு ஒட்டுவதற்கு பிளாஸ்மா, ரத்தத்தில் இருப்பது இல்லை, மின்னூட்டம் பெற்ற வாயு. பக்கத்து ஆய்வகத்தின் கருவி, 45 வினாடி. அதற்கு முன் இரண்டு பரப்பையும் மேஜிக் டேப் ஒட்டி உரித்துத் தூசி எடுக்க வேண்டும். எனக்குத் தொல்லை கொடுத்தது 4 மில்லிமீட்டர் பகுதி. உயரத்தைப்போல இருபது மடங்குக்கு மேல் அகலம், அதனால் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் கூரை கீழே தொட்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்மா பட்ட பரப்பு ஒட்டினால் ஒட்டியதுதான், பிரியாது. ஓரங்களை மட்டும் சாமணத்தின் பின்பக்கத்தால் தட்டிவிட்டு, 80 டிகிரியில் 20 நிமிடம் வைப்பதே போதும்.

பம்ப் பக்கம் போவோம். மீடியாவின் பிசுக்குமை 37 டிகிரியில் தோராயமாக 0.75 மில்லிபாஸ்கல்-வினாடி. குறுகலான பகுதியில் 1 பாஸ்கல் வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 480 மைக்ரோலிட்டர் ஓட வேண்டும். சிரிஞ்ச் பம்பில் 50 மில்லி சிரிஞ்சை மாட்டினால் இரண்டு மணி நேரம்கூட வராது. ஒரு நாளைக்கு 690 மில்லி ஆகும். உள்சுவர்ச் செல்லுக்கான எண்டோதீலியல் மீடியாவின் விலையில் அதை நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே ட்யூபை உருளையால் நசுக்கித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் வைத்து, அதே 12 மில்லியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதுதான் வழி. ரிச்சி தெருவில் ஸ்டெப்பர் மோட்டார், அதன் டிரைவர், அதற்குக் கட்டளையிடும் ஆர்டுயினோ நானோ போர்டு, 12 வோல்ட் அடாப்டர் எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய்க்குள் முடிந்தது. பம்ப் தலையை மட்டும் ஆன்லைனில் வாங்கினேன், 1,400.

செல்களை 37 டிகிரியில் வைத்திருக்கும் இன்குபேட்டருக்குள் மோட்டாரை வைக்காதீர்கள். இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. மோட்டாரின் சூடு ஏறி உள்ளே 39 டிகிரி காட்டியது. ஈரத்தில் டிரைவர் போர்டும் போய்விட்டது. இப்போது பம்ப் வெளியே யூபிஎஸ்ஸோடு உட்கார்ந்திருக்கிறது, ட்யூப் மட்டும் பின்பக்கத் துளை வழியாக உள்ளே போகிறது. உள்விட்டம் 0.8 மில்லிமீட்டர் ட்யூபில் மீட்டருக்கு அரை மில்லி மீடியா நிற்கும், அதையும் மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தைச் சரிபார்க்கத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடம் ஓடவிட்டு வெளியே வருவதைத் தராசில் பிடித்தால் 0.48 கிராம் வர வேண்டும். உருளை நசுக்கும் சிலிக்கோன் ட்யூப் நாளாக ஆகத் தளரும், ஓட்டமும் அதோடு குறையும். ஆகையால் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் இந்த எடை பார்ப்பது உண்டு.

இனி குமிழி. இந்த வேலையில் என்னை மிகவும் படுத்தியது இதுதான். ராத்திரி அழகாகப் பரவியிருக்கும் செல்கள் காலையில் பார்த்தால் ஒரு பட்டையாக வழித்தெடுத்ததுபோல் காணாமல் போயிருக்கும். குமிழி சேனலில் நகரும்போது அதன் விளிம்பின் மேற்பரப்பு இழுவிசை செல்லை உரித்துக்கொண்டு போகும், மீடியா ஓட்டத்தின் ஷியரெல்லாம் அதன் பக்கத்திலேயே வர முடியாது. குமிழி எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் மீடியாவுக்குள்ளிருந்தே. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த மீடியாவில் காற்று அதிகம் கரைந்திருக்கும். 37 டிகிரிக்கு ஏறும்போது அது வெளியே வந்தாக வேண்டும், சேனலுக்குள்தான் வருகிறது. பாட்டிலின் மூடியைத் தளர்த்தி முந்தைய நாள் ராத்திரியே இன்குபேட்டரில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு மெடிக்கல் ஷாப் சாமான் போதும். 10 மில்லி சிரிஞ்சின் உடலைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் சலைன் ஏற்றும்போது மாட்டும் மூன்று வழி வால்வு ஒன்று. பம்பிலிருந்து வரும் மீடியா பக்கத்தில் நுழைந்து அடியில் வெளியேறும், குமிழி மேலே போய் நின்றுவிடும். மேலே இருக்கும் அடைபட்ட காற்று இன்னொரு உபகாரமும் செய்கிறது: பெரிஸ்டால்டிக் பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்கிறது. சிரிஞ்ச் 12 ரூபாய், வால்வு 35. இதற்கென்றே விற்கும் குமிழிப் பொறியின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். வால்வைத் திருப்பும்போது ஒரு பொட்டுக் காற்று சேனல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு முனையிலும் துளி மீடியா ததும்பி நிற்கும்போது துளியோடு துளி சேர்த்துத்தான் மாட்ட வேண்டும்.

செல்கள் தொப்புள்கொடிச் சிரையின் உள்சுவரிலிருந்து வரும் ஹூவெக். 1973-இல் எரிக் ஜாஃபே குழு வளர்த்துக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தமனி நோய்க்குச் சிரையின் செல்லா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். இதயத் தமனிச் செல் விலை அதிகம், பாசேஜும் சீக்கிரம் தீரும். சிப் ஒழுங்காகும்வரை அதை வீணாக்க மனசு வரவில்லை.

சேனலில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஃபைப்ரோநெக்டின் (செல் ஒட்டிக்கொள்ள உதவும் புரதம்) ஊற்றி ஒரு மணி நேரம். பிறகு செல். எவ்வளவு அடர்த்தி என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: அடர்த்தியைச் சேனல் உயரத்தால் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை செல் இறங்கும் என்று வந்துவிடும். மில்லிலிட்டருக்கு 50 லட்சம் என்றால், 0.019 சென்டிமீட்டர் உயரத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு 95 ஆயிரம். செல்கள் இடைவெளியில்லாமல் நிரம்ப அது போதும். தட்டுக்குப் பழகிய கையோடு 10 லட்சத்தில் ஊற்றினால் தீவு தீவாகத்தான் நிற்கும். இரண்டு மணி நேரம் ஒட்டவிட்டு மீடியா மாற்றி, ராத்திரி ஓட்டமில்லாமல் வைத்து, மறுநாள் நிமிடத்துக்கு 48 மைக்ரோலிட்டரில் தொடங்கி மாலைக்குள் 480-க்கு ஏற்றுகிறேன். நேராக 480-இல் தொடங்கினால் உரிந்துவிடும்.

48 மணி நேரத்தில் 1 மில்லிமீட்டர் பகுதியில் செல்கள் நீண்டு ஓட்டத்தின் திசையில் படுத்துவிட்டன. 4 மில்லிமீட்டர் பகுதியில் கூழாங்கல் பதித்தமாதிரி அப்படியே இருந்தன. சரி, பாதி வேலை முடிந்தது.

அடுத்து அழற்சி. சுற்றும் மீடியாவில் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சியைத் தூண்டும் புரதம், 4 மணி நேரம். பிறகு டிஎச்பி-1 மோனோசைட், 1980-இல் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயதுக் குழந்தையிடமிருந்து எடுத்து வளர்த்த செல்வரிசை. கால்சீன் சாயம் ஏற்றி, பச்சையாக ஒளிரும்படி உள்ளே ஓடவிட்டு, கழுவி, படம் எடுத்தேன். அகலப் பகுதி முழுக்கப் பச்சை. குறுகல் பகுதி கிட்டத்தட்ட காலி. பாடப்புத்தகத்தில் போடலாம்போல் இருந்தது.

படத்தை எங்கள் சீனியர் அக்காவிடம் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "அந்த எடத்துல ஓட்டமே மெதுவாத்தானே போகுது, ஒட்டாம என்ன பண்ணும்? நீ கழுவினதும் அங்க மெதுவாத்தான் கழுவிருக்கு" என்றார். பதில் இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் குறைந்த ஷியரில் வளர்ந்ததால் அந்த இடம் ஒட்டும் தன்மை பெற்றதா, அல்லது சோதனை நடக்கும் நேரத்தில் அங்கே ஓட்டம் மெதுவாக இருப்பதால் வெள்ளணு சும்மா நின்றுவிட்டதா? என் படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

ஓட்டமே காட்டாமல் வளர்த்த செல்களோடு ஒரு ஒப்பீட்டு சிப் செய்து, அதே டிஎன்எஃப், அதே வெள்ளணு, அதே கழுவல் கொடுத்தேன். அதிலும் அகலப் பகுதியில்தான் அதிகம் ஒட்டியிருந்தது! அந்த செல்கள் மூன்று பகுதியிலும் ஒரேமாதிரி வளர்ந்தவை. ஆக, என் அழகான படத்தில் நல்ல ஒரு பங்கு நோயே இல்லை, வெறும் குழாய்க் கணக்கு.

இதைச் சரிசெய்த முறைதான் இந்தப் பதிவிலேயே எனக்குப் பிடித்த பகுதி. வெள்ளணுவை ஓடவிடாமல், உள்ளே நிரப்பிப் பம்பை நிறுத்தி 20 நிமிடம் இறங்கவிட்டேன். உயரம் எங்கும் ஒன்று என்பதால் எல்லா இடத்திலும் சம எண்ணிக்கையில் இறங்கும். கழுவுவதைப் படிப்படியாகச் செய்தேன். முதலில் நிமிடத்துக்கு 48 மைக்ரோலிட்டர். அப்போது 1 மில்லிமீட்டர் பகுதி 0.1 பாஸ்கலில் கழுவப்படும், உடனே அதை மட்டும் படம் எடுக்க வேண்டும். பிறகு 96; இப்போது 2 மில்லிமீட்டர் பகுதிக்கு 0.1, அதன் படம். பிறகு 192, 4 மில்லிமீட்டர் பகுதி. மூன்று இடமும் ஒரே 0.1 பாஸ்கல் கழுவலுக்குப் பிறகான படம் என்றாகிவிடும். பக்கச் சுவரை ஒட்டி ஷியர் குறையும் என்பதால் ஓரத்துச் செல்களை எண்ணவில்லை, நடுப்பகுதி மட்டும்.

இப்படிச் செய்ததும் ஒப்பீட்டு சிப்பில் மூன்று பகுதியும் ஏறக்குறைய சமமானது. ஓட்டத்தில் வளர்ந்த சிப்பில் வித்தியாசம் முன்னைவிடச் சிறுத்தது, ஆனால் நின்றது. வலுவான ஓட்டத்தில் வளரும் செல் கேஎல்எஃப்2 என்ற மரபணுவை முடுக்கி டிஎன்எஃப்பின் வேலையைத் தணிக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். அது என் சிப்பிலும் தெரிகிறது என்பதே எனக்கு வேண்டியது.

இதைத் தமனி நோய் மாதிரி என்று முழுதாகச் சொல்ல எனக்கு வாய் வராது. நோயின் முதல் அடி, அதாவது வெள்ளணு சுவரில் ஒட்டுவது மட்டும்தான் இதில் உண்டு. ஆக்சிஜனேற்றம் செய்த எல்டிஎல் கொழுப்பையும் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். ஒட்டிய வெள்ளணு சுவருக்குள் இறங்கிக் கொழுப்பைத் தின்று நுரைச்செல்லாக வேண்டும். என் செல்லுக்குக் கீழே இருப்பது கண்ணாடி, எங்கே இறங்குவது? கைடு மருந்து சோதிக்கலாமே என்றார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாதிரி கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு எதையும் இந்தச் சிலிக்கோன் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், மீடியாவில் போட்ட அளவும் செல்லுக்குக் கிடைக்கும் அளவும் ஒன்றாக இருக்காது. அதனால் அதை ஒத்திவைத்திருக்கிறோம்.

அடுத்த அச்சு பட்டறையில் இருக்கிறது. இரண்டு மாற்றம்: 4 மில்லிமீட்டரை 3 ஆக்கிவிட்டேன். ஷியர் 0.33 பாஸ்கல், இன்னும் 0.4-க்குக் கீழேதான், கூரை தொடும் பயமும் குறையும். செல்லுக்கு அடியில் கொலாஜன் ஜெல்லும் அதற்குள் தமனித் தசைச் செல்லும் வைக்க, கீழே 0.5 மில்லிமீட்டர் ஆழத்தில் இன்னொரு அறை. நடுவில் போடத் துளைச் சவ்வு தேடிக்கொண்டிருக்கிறேன். பாலிகார்பனேட் சவ்வு சிலிக்கோனோடு நேராக ஒட்டாது, ஏப்டிஎஸ் என்ற சிலேனில் நனைத்தெடுத்தால் ஒட்டும். அதற்கு ஒரு சின்ன பாட்டில் ஆர்டர் போட்டாயிற்று.